உடற்பருமனும் கூட்டுறவாளர் கடமையும்

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைக் கற்றவர் எவரும் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் என்னும் ஊரை மறவார். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி அவ்வூர்த் தொழிலாளர் இருபத்தெண்மர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் பலர் கம்பளித் துணி நெய்யும் நெசவாளர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அன்று அவர்கள் வைத்திருந்த சரக்கு. மாவிலும் தேயிலையிலும் கலப்படம், தராசில் குறை என்றிருந்த காலத்தில், கலப்பற்ற உணவைச் சரியான எடையில் அங்கத்தினருக்கு வழங்குவதே அவர்கள் மேற்கொண்ட முதற்பணி. எனவே மக்கள் எதை உண்கின்றனர் என்னும் வினா கூட்டுறவுக்குப் புறம்பானதன்று. கூட்டுறவுக் கடை பிறந்ததே அவ்வினாவை ஒட்டித்தான்.

இன்று அதே வினா வேறு வடிவில் நம்முன் நிற்கிறது. அன்றைய தொழிலாளர் வீட்டில் உணவு போதவில்லை. இன்று பல வீடுகளில் உணவின் அளவு மிகுந்திருக்கிறது. அதன் தரம் குறைந்திருக்கிறது. இதன் பயனே உடற்பருமன். இது செல்வர்க்கு வரும் நோய் என்றும், சோம்பேறிகளுக்கு வரும் தண்டனை என்றும் நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. இரண்டும் தவறு. எது மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கிறதோ அதையே எளியோர் உண்கின்றனர். எனவே எப்பொருள் மலிவாகக் கிடைக்க வேண்டும், எப்பொருள் கைக்கெட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்களுக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு. பண்டகசாலையும் நியாயவிலைக் கடையும் நடத்தும் கூட்டுறவாளராகிய நாம் அப்பொறுப்பில் பங்காளிகள். இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கணக்கு கூறுவது என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலக மக்களில் எட்டுப் பேருக்கு ஒருவர் உடற்பருமன் உடையவர். வயது வந்தோரில் 250 கோடிப் பேர் அளவுக்கு மீறிய எடை கொண்டிருந்தனர். அவர்களுள் 89 கோடிப் பேர் பருமனுடையோர்.

நம் மாநிலத்தின் நிலையைத் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. 2015-16-ஆம் ஆண்டு ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 30.9 பேர் மிகை எடையோ பருமனோ உடையவராயிருந்தனர். 2019-21 ஆய்வில் அது 40.4 ஆயிற்று. ஆண்களில் 28.2 என்பது 37.0 ஆயிற்று. ஐந்தாறு ஆண்டுகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுவது சிறிய மாறுதலன்று. இதே காலத்தில் இந்தியா முழுவதற்குமான அளவு பெண்களில் 20.6-லிருந்து 24.0 ஆக உயர்ந்தது. நாட்டின் சராசரியைவிட நாம் வெகுதூரம் முன்சென்றிருக்கிறோம். இது பெருமைக்குரிய முதன்மை அன்று.

இது பட்டணத்து நோய் என எண்ணுவோரும் கவனிக்க வேண்டும். இந்தியக் கிராமப்புறப் பெண்களில் மிகை எடையுள்ளோர் நூற்றுக்கு 15.0 பேரிலிருந்து 19.7 பேராக இதே இடைவெளியில் பெருகினர்.

மற்றொரு கணக்கையும் இதனருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. ஒருபுறம் உடல் பருக்கிறது. மறுபுறம் இரத்தம் வெளிறுகிறது. பல வேளைகளில் இவ்விரண்டும் ஒரே வீட்டில், ஒரே உடலிலேயே காணப்படுகின்றன. உணவு மிகுதி வேறு, ஊட்டம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பருமனைத் தொடர்ந்து வருவன நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், மூட்டுவலி ஆகியவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு. மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாயிலில் நிற்கின்றனர். நெசவாளருக்கும் உழவருக்கும் உடலே முதல் மூலதனம். முழங்கால் தளர்ந்தால் தறியின் மிதி அசையாது. கண் மங்கினால் இழை தெரியாது. பாதத்துப் புண் ஆறாவிடில் சேற்றில் இறங்க முடியாது. பங்குத் தொகையைப் பேணுவதில் நாம் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையேனும் இம்மூலதனத்தின்மீதும் காட்டுதல் வேண்டும்.

அளந்து அறிதல்

ஒருவர் பருமனுடையவரா என்பதைக் கண்ணால் மதிப்பிடுவது பிழைபடும். எடையைக் கிலோகிராமில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. உதாரணமாக, 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு, 1.60 பெருக்கல் 1.60 என்பது 2.56, 64-ஐ 2.56-ஆல் வகுத்தால் 25. நம் நாட்டவருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வரக் காண்பதால், குறியீடு 23 வந்தாலே எச்சரிக்கை என்றும், 25 வந்தால் பருமன் என்றும் இந்திய மருத்துவ வல்லுநர் 2009-இல் வரையறுத்தனர்.

இதைவிட எளிய அளவு ஒன்று உண்டு. நெசவாளர் வீட்டில் அளவு நாடாவுக்குப் பஞ்சமில்லை. அதனை இடுப்பெலும்புக்கும் கடைசி விலாவெலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றிப் பிடித்து அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அங்குலக் கணக்கில் ஏறத்தாழ முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. கை கால் மெலிந்திருந்து வயிறு மட்டும் முன்தள்ளியவரும் இவ்வளவைக் கடந்திருந்தால் மருத்துவரிடம் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுதல் நலம்.

காரணம் எங்கே?

இதற்கு விடை காண நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பருப்பு, பால், காய்கறிகளைச் சொற்பமாகவும் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை மிகவும் பின்தங்கின.

அன்றைய குறை மெலிவு. இன்றைய குறை பருமன். ஆயினும் தட்டு பெரிதும் மாறவில்லை. சோறு மலைபோல், குழம்பு நீர்போல், காய் ஒரு கரண்டி. அத்தட்டின்மீது மூன்று மாறுதல்கள் நிகழ்ந்துள்ளன.

முதலாவது, எண்ணெய் சேர்ந்தது. அமாவாசைக்கும் தீபாவளிக்கும் மட்டும் அடுப்பேறிய வாணலி இன்று மாலைதோறும் ஏறுகிறது. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி தந்தால் ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தரும்.

இரண்டாவது, சர்க்கரை சேர்ந்தது. தறிமேடையில் அமர்ந்தவர் நாளொன்றுக்கு ஆறு தேநீர் அருந்துவதாகக் கொள்வோம். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை எனில், நாளுக்கு 60 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 800 கிராம். இரண்டாயிரம் கலோரி உண்பவர் நாளுக்கு 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பலகாரமும் கலரும் தொடாதவர்கூடத் தேநீரிலேயே எல்லையைக் கடந்துவிடுகிறார்.

மூன்றாவது, உழைப்பு குறைந்தது. முன்பு பாவடியில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்துக் குடும்பமே நடந்தது. இன்று பல ஊர்களில் பாவு ஆயத்தமாகவே வந்து சேர்கிறது. ஏற்றம் இறைத்த இடத்தில் மின்மோட்டார். அரிவாள் பிடித்த இடத்தில் அறுவடை இயந்திரம். இவற்றை நாம் குறைகூறவில்லை. முதுகொடியும் உழைப்பிலிருந்து விடுபட்டது நன்மையே. ஆனால் அவ்வுழைப்புக்கேற்ப அமைந்த சோற்றின் அளவு மட்டும் குறையாமல் நின்றுவிட்டது.

தட்டில் செய்யத்தக்க மாறுதல்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு மே மாதம் இந்தியருக்கான உணவு வழிகாட்டியை வெளியிட்டது. இந்நாட்டு நோய்ச்சுமையில் நூற்றுக்கு 56.4 பங்கு தவறான உணவால் விளைவது என அது மதிப்பிடுகிறது. இரண்டாயிரம் கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு அது கூறும் அளவுகள் வருமாறு: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி வகை 85 கிராம், காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை, விதை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம்.

இவற்றை வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் எண்ணெய் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் போதும். காய்கறி நாளுக்கு 1 கிலோ 600 கிராம் வேண்டும். நம்மில் எத்தனை வீடுகளில் எண்ணெய் இவ்வளவில் நிற்கிறது? எத்தனை வீடுகளில் காய் இவ்வளவை எட்டுகிறது? இவ்விரு வினாக்களிலேயே நமது பிரச்னை அடங்கியிருக்கிறது.

சிறுதானியம் குறித்து ஒரு விளக்கம் தேவை. கம்பும் கேழ்வரகும் சாமையும் உண்டால் உடல் இளைத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். எடைக்கு எடை அவை தரும் கலோரி அரிசியினதை ஒத்ததே. அவற்றின் மேன்மை வேறு: நார்ச்சத்து மிகுதி, கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பன்மடங்கு. ஆகவே அரிசிக்குப் பதிலாக அவற்றை உண்ண வேண்டும். அரிசியோடு கூட்டி உண்ணலாகாது. களி உருண்டையின் அளவுக்கும் எல்லை உண்டு.

எண்ணெயிலும் இத்தகைய மயக்கம் உண்டு. பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் வந்தால் நம் உழவருக்கு நன்மை. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் எந்த எண்ணெயாயினும் கலோரி ஒன்றே. எண்ணெயின் பெயரை மாற்றுவது வேறு. அளவைக் குறைப்பது வேறு.

சுருங்கச் சொல்லின், சோற்றில் கால் பங்கைக் குறைத்து அவ்விடத்தைக் காயும் பருப்பும் நிரப்ப வேண்டும். தேநீருக்கு ஒரு கரண்டி சர்க்கரை போதும். மாலைப் பலகாரம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டலாகட்டும். அரைமணிக்கு ஒருமுறை தறியைவிட்டு எழுந்து நடக்க வேண்டும். பட்டினி கிடப்பதும், விளம்பரத்தில் கண்ட பொடிகளை விழுங்குவதும் வேண்டா. அண்மையில் எடை குறைக்கும் வாராந்தர ஊசி மருந்துகளும் நம் நாட்டுச் சந்தைக்கு வந்துள்ளன. அவை மருத்துவர் மேற்பார்வையில் தக்கவருக்கு உதவும். ஆனால் ஊர் முழுவதன் அடுப்பங்கரையை அவை திருத்த மாட்டா.

கல்வியின் இடம்

ராச்டேல் முன்னோடிகள் தங்கள் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கு ஒதுக்கினர். இன்றும் உலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள் கல்வி ஒன்றாக நிற்கிறது. உணவுக் கல்வி என்பது மேடைச் சொற்பொழிவன்று. பாக்கெட்டின் பின்புறத்தில் நுண்ணெழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே அதன் முதற்பாடம். கோலா வகைப் பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. எனவே 250 மில்லிப் புட்டியில் ஐந்து தேக்கரண்டி. இதனைச் சொல்லிக் காட்டுவதைவிட, ஒரு கண்ணாடித் தம்ளரில் ஐந்து கரண்டி சர்க்கரையை இட்டுக் காட்டினால் குழந்தையும் உணரும். 2025-ஆம் ஆண்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் இத்தகைய சர்க்கரைப் பலகைகளை அமைக்கச் சொன்னது இக்கருத்துப் பற்றியே.

பள்ளியில் உணவளிப்பதில் நம் மாநிலம் மூத்தது. 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் விரிந்த சத்துணவு, 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு ஆகியவை பசியைத் தீர்க்கப் பிறந்தவை. அவை நாவின் பழக்கத்தையும் அமைக்க வல்லவை. காய் கலந்த சாம்பாரும் அவித்த முட்டையும் சுண்டலும் ஏழு வயதில் பழகிய நாக்கு, நாற்பது வயதிலும் அவற்றைத் தேடும்.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். பருத்த குழந்தையைப் பெயர் வைத்து அழைப்பதும், மருமகளின் உடலைப் பந்தியில் வைத்துப் பேசுவதும் கல்வியாகா. நகைப்பினால் எவரும் இளைத்ததில்லை. ஒளிந்து உண்ணவும் மருத்துவரிடம் செல்ல நாணவும் அது காரணமாகிறது.

சட்டமும் வரியும்

அறிவுரை மட்டும் போதுமாயின் பிரச்னை என்றோ தீர்ந்திருக்கும். பல நாடுகள் சட்டத்தின் துணையை நாடியுள்ளன.

மெக்சிகோ நாடு 2014 ஜனவரி முதல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதலாண்டில் அவற்றின் கொள்முதல் நூற்றுக்கு 5.5 பங்கும், இரண்டாம் ஆண்டில் 9.7 பங்கும் குறைந்ததாக ஆய்வாளர் கண்டனர். சிலி நாடு 2016 ஜூன் முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருள்களின் முகப்பில் எண்கோண வடிவிலான கறுப்பு எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. அத்தகைய பொருள்களைப் பள்ளிகளில் விற்பதையும், சிறுவரைக் கவரும் விளம்பரங்களையும் தடுத்தது. முத்திரை பெற்ற பானங்களின் கொள்முதல் நூற்றுக்கு 23.7 பங்கு குறைந்தது. எழுத்தறியாதவரும் கறுப்பு முத்திரையை அறிவர் என்பதே அம்முறையின் சிறப்பு.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றதில்லை. டென்மார்க் 2011 அக்டோபரில் கொழுப்பு வரி விதித்தது; மக்கள் எல்லை கடந்து அண்டை நாட்டில் வாங்கியதும் ஒரு காரணமாக, 2013 தொடக்கத்தில் அதனை நீக்கியது. நம் அண்டை மாநிலமான கேரளம் 2016-இல் பெருநிறுவன உணவகங்களின் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு நூற்றுக்கு 14.5 வரி விதித்தது. மறு ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அது மறைந்தது.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு விதிகள் பள்ளிக்கு 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்பதைத் தடுக்கின்றன. வனஸ்பதி போன்றவற்றில் உள்ள தீய கொழுப்பான டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 என எல்லை வகுக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த வாயுப் பானங்களுக்கு நூற்றுக்கு 40 என வரி நிர்ணயிக்கப்பட்டது. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், மிக்ஸர், நூடுல்ஸ் ஆகியவற்றின் வரி 5 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு கை தடுக்க, மறு கை அழைக்கும் இந்நிலையைக் கொள்கை வகுப்போர் சிந்தித்தல் வேண்டும். பாக்கெட் முகப்பில் தெளிவான எச்சரிக்கை வேண்டும் என்ற கோரிக்கையையும் கூட்டுறவாளர் தம் மகாநாடுகளில் தீர்மானமாக இயற்றலாம்.

வரியினாலேயே மெக்சிகோவில் பருமன் மறைந்துவிட்டது என்று எவரும் கூறவில்லை; குறைந்தது பானத்தின் விற்பனை. தீயதைக் கைக்கெட்டாதபடி செய்வது பாதி வேலை. நல்லதைக் கைக்கெட்டச் செய்வது மறுபாதி. இம்மறுபாதி பெரிதும் நம் கையில் உள்ளது.

நமது சங்கங்கள் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவு நிறுவனங்களே நடத்துகின்றன. அக்கடைகளில் 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் சேர்ந்தன. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. பசியை விரட்டியதில் இவற்றின் பங்கு பெரிது. அதனைக் குறைத்துப் பேசுவது நன்றி மறத்தலாகும். ஆனால் அரிசி இலவசமாயும் எண்ணெய் மலிவாயும் காய்கறி சந்தை விலையிலும் இருக்கும்போது, எளியோர் தட்டு எப்பக்கம் சாயும் என்பது வெளிப்படை. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல முன்மாதிரி. பருப்பும் பயறும் நிலக்கடலையும் இவ்வழியில் பெருக வேண்டும் என நாம் கேட்க உரிமை உண்டு. அரசாங்கம் செய்யும்வரை காத்திராமல், சங்க அளவில் செய்யத்தக்கவை சில உள.

1. கூலி நாள் காய்கறிக் கூடை. வாரக்கூலி வழங்கும் நாளில் நெசவாளர் சங்க வாயிலில் அவ்வட்டார விவசாயச் சங்கம் காய்கறியும் கீரையும் கொண்டுவரலாம். முன்கூட்டியே பெயர் பதிந்தவர்களுக்குக் கூடை ஆயத்தமாக இருக்கும். விலையைக் கணக்கில் பற்றெழுதலாம். உழவருக்கு நிச்சயமான வாடிக்கை. நெசவாளருக்கு இடைத்தரகு இல்லாத விலை. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையும், 2013-இல் கூட்டுறவுத் துறை தொடங்கிய பண்ணை பசுமைக் கடைகளும் இவ்வழி நடக்கக்கூடியதே என்பதைக் காட்டியுள்ளன.

2. அலமாரியைத் திருத்துதல். பண்டகசாலையின் முன்வரிசையில், குழந்தையின் கண்ணுக்கு நேராக எதை வைக்கிறோம்? பாக்கெட் பண்டங்களும் கலரும் பின்வரிசைக்குச் செல்லட்டும். பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், பயறு, முட்டை, பழம் முன்வரட்டும். கடலைமிட்டாயும் அளவோடுதான். உபரி குறையுமே என்று செயலாளர் அஞ்சலாம். மூன்று மாதம் சோதனையாக நடத்திக் கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம்.

3. அளவு நாடாவும் எடைக் கருவியும். சங்க அலுவலகத்தில் இவ்விரண்டும் இருக்கட்டும். வீடுதேடி மருந்து வழங்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் பணியாளரை அழைத்து, ஆண்டுக்கு இருமுறை அங்கத்தினருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கலாம்.

4. பெண் அங்கத்தினருக்குச் சமையல் வகுப்பு. கல்வி நிதியிலிருந்து சிறு தொகை போதும். அதே பணத்தில் எண்ணெயைக் குறைத்துக் காயைக் கூட்டுவது எப்படி என்பதைச் சமைத்தே காட்ட வேண்டும். ஆண்களும் அமர்ந்து கற்றல் நலம். சோற்றின் அளவைத் தீர்மானிப்பது சமைப்பவர் மட்டுமல்லர், கேட்டு வாங்கி உண்பவரும் ஆவர்.

5. பேரவைக் கூட்டத்துச் சிற்றுண்டி. பிறருக்கு உபதேசிக்குமுன் நமது கூட்டத்தில் இலட்டும் மிக்ஸரும் போய்ச் சுண்டலும் வாழைப்பழமும் வரட்டும்.

கரும்பு பயிரிடும் அங்கத்தினர், சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் எங்கள் கதி என்ன என்று கேட்பர். நியாயமான கேள்வி. கரும்பின் பயன் சர்க்கரையோடு முடிவதில்லை. பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலையை இந்தியா 2025-இல் எட்டியது. அவ்வெத்தனாலின் ஒரு பகுதி கரும்பிலிருந்து வருவது. உணவுப் பழக்கமும் ஓராண்டில் மாறிவிடுவதன்று. பயிர்த்திட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்ற அவகாசம் உண்டு. உழவரின் வருமானத்தைக் காப்பது சங்கத்தின் கடமை. அதற்காகக் குழந்தைகளின் உடலை ஆலைக்குச் சந்தையாக்குவது எச்சங்கத்துக்கும் தகாது.

விவாதத்துக்குரிய வினாக்கள்

இப்பாடத்தைப் படித்த பின் சங்கக் கூட்டத்தில் கீழ்க்காணும் வினாக்களை எடுத்துக்கொண்டு ஆராயலாம்.

1. நம் வீட்டில் சென்ற மாதம் செலவான எண்ணெய், சர்க்கரை, காய்கறி எவ்வளவு? வழிகாட்டி அளவோடு ஒப்பிடுக.

2. நமது பண்டகசாலையில் சென்ற மாதம் மிகுதியாக விற்ற பத்துப் பொருள்கள் எவை? அவற்றுள் எத்தனை உடலுக்கு நலம் தருவன?

3. கூலி நாள் காய்கறிக் கூடையை நம் ஊரில் தொடங்கினால் எந்தச் சங்கத்தோடு உடன்படிக்கை செய்யலாம்? எடை, விலை, மிஞ்சிய சரக்கு ஆகியவற்றுக்குப் பொறுப்பாளர் யார்?

4. நம் ஊர்ப் பள்ளிக்கு 50 மீட்டருக்குள் என்னென்ன விற்கப்படுகின்றன? விற்பவரின் பிழைப்பும் கெடாமல் அதனை மாற்றுவது எங்ஙனம்?

5. நியாயவிலைக் கடையில் ஒரு பொருளைக் கூட்டவும் ஒரு பொருளைக் குறைக்கவும் நமக்கு அதிகாரம் இருப்பின் எவற்றைத் தேர்வோம்? காரணம் கூறுக.

முதல் வினாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாதக் கணக்கை எழுதிக்கொண்டு வருதல் வேண்டும். கணக்கின்றிப் பேசுவது கூட்டுறவாளர் வழக்கமன்று. அக்கணக்குகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் நாளில், எந்தப் பொருளைப் பண்டகசாலைக்குக் கொள்முதல் செய்வது, எதனை நிறுத்துவது என்பதை நிர்வாகக் குழு தெளிவாகத் தீர்மானிக்க இயலும்.